அரைப்புள்ளி

ஐப்பசி இரண்டாம் செவ்வாய்.
வெட்டுமணியில் மழை விட்ட நேரம்.
கடை திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால்
சிவப்புத் திரையில் ஒரு கடிகாரம்
பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.
பதினோரு வருடத்துக் கல்யாணங்கள்,
மூன்று பங்குகளின் திருவிழா நோட்டீஸ்,
நான் அச்சடித்த அத்தனை சாவும்
பூட்டிக் கிடந்தன.
சாவி வேண்டுமென்றால்
நான் கண்ணால் கண்டிராத ஒரு நாணயத்தில்
இவ்வளவு அனுப்பு என்றது.

"வாங்கின விண்டோசா, எறக்கின விண்டோசா?"
பெல்வின் கேட்டான்.
இருநூறு ரூபாய்க்கு ஒருத்தன் போட்டுத் தந்தது.
போட்டோஷாப்பும் அப்படித்தான்.
இந்த ஜங்ஷனில் எல்லாமே அப்படித்தான்.
திருட்டுச் சாமானுக்குள்
இன்னொரு திருடன் குடியிருந்தால்
ஸ்டேஷனில் என்னவென்று எழுதிக்கொடுக்க?

லினக்ஸ் போட்டான்.
ஒரு பென்டிரைவ், ஒரு சாயா, முக்கால் மணி நேரம்.
பணம் கேட்கவில்லை.
எனக்குச் சந்தேகம் அதில்தான் தொடங்கியது.

எதிர்ச்சாரி நகைக்கடை தாணுலிங்கம் சொன்னார்:
"ஓசியில கெடச்சா ஓட்டை உண்டும் பிள்ளே.
பூட்டு செய்யுற சூத்திரத்த
ஊரறிய எழுதி ஒட்டினா, அது பூட்டாக்கும்?"
பெல்வின் விடவில்லை.
"உங்க லாக்கருக்க பூட்ட
நாலு ஆசாரி கழற்றிப் பாத்துக் குத்தம் சொல்லி
அதைத் திருத்தியிருந்தா
அது நல்ல பூட்டா, கெட்ட பூட்டா?"
அவர் சங்கிலி ஒன்றைத் துடைத்து முடிக்கும்வரை யோசித்தார்.
"நாலு ஆசாரியும் யாருன்னு தெரியணுமே."
அதற்கு இவனிடம் பதில் இல்லை.
எனக்கு இரண்டும் சரியென்றே பட்டது.

பாலிடெக்னிக் பையன் ஒருவன்
"லினக்ஸுல வைரசே வராது எக்கா" என்றான்,
நனையாத மழையைப் பற்றிச் சொல்வதுபோல.
பத்திரம் எழுதும் லீலாபாய்க்கு
பழைய பச்சைப் புல்வெளிப் படம் போனதுதான் துக்கம்.
பிரிண்டர் கருத்து ஒன்றும் சொல்லவில்லை.
நாலு நாள் சும்மா இருந்தது.

வெள்ளி ராத்திரி எட்டரைக்கு
நட்டாலத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர்.
விடியுமுன் ஐம்பது போஸ்டர்.
பெற்றோரின் ஐம்பதாம் கல்யாண நாளுக்கு
நான்தான் அடித்துக் கொடுத்தேனாம்;
அதே படம், அதே எழுத்து வேண்டும்.
நல்லவேளை, கோப்பு அவர்கள் பென்டிரைவில் இருந்தது.
திறந்தேன்.
இந்த மெஷினில் பாமினி இல்லை.
அம்மா என்று நான் தட்டிய இடத்தில்
நாலு ஆங்கில எழுத்து,
நடுவில் ஓர் அரைப்புள்ளி.
"அம்மைக்கு என்னாச்சு?"
என்று கேட்ட தம்பி
கேட்டபின் வாயைப் பொத்திக்கொண்டான்.

பெல்வினுக்குப் போன் அடித்தேன்.
எதையோ இறக்கச் சொன்னான்.
யாரோ ஒருவர், ஊர் பெயர் போடாதவர்,
இந்தக் கிறுக்கலைத் தமிழாக்கும் முந்நூறு வரி எழுதி
வழியில் தண்ணீர்ப்பானை வைத்ததுபோல
வைத்துவிட்டுப் போயிருந்தார்.
தாணுலிங்கத்தின் குரல் காதில் இருந்ததால்
ஓட்டுமுன் உள்ளே பார்த்தேன்.
இடப்பக்கம் கிறுக்கல், வலப்பக்கம் எழுத்து,
கா கி கீ என்று வரிவரியாக.
எனக்கே வாசிக்க முடிந்தது.
ஒரு வரியில் மட்டும்
'ஸ்ரீ' தப்பாக விழுந்திருந்தது.
இவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை.
ஓட்டினேன்.
அம்மா வந்தாள், பொட்டோடு, புள்ளியோடு.
இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்,
பிரிண்டர் இருமி இருமித் தொடங்கும்வரை.

அந்தத் தப்பை எழுதி அனுப்பினேன்.
இன்னும் பதில் வரவில்லை.
பூட்டிப்போன பதினோரு வருடமும்
ஒரு டப்பாவில் அப்படியே கிடக்கிறது.
பணம் கட்டவில்லை, கட்டவும் மாட்டேன்.
சில நாள் மட்டும்
யாராவது பழைய கல்யாணக் கார்டு கேட்டால்
வயிறு ஒரு சுற்றுச் சுற்றும்.

இப்போது பாஸ்வேர்டு பதினாறு எழுத்து.
எங்கும் எழுதிவைக்கக் கூடாது,
யாரிடமும் சொல்லக் கூடாது
என்று பெல்வின் சத்தியம் வாங்கியிருக்கிறான்.

நேற்று சாயக்கடையில் நின்றபோது
கடையில் வேலைக்கு நிற்கும் சுபிலா
ரோட்டுக்கு அப்புறமிருந்து கூவினாள்:
"எக்கா, பாஸ்வேர்டு என்னதூ?"
களியக்காவிளை பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது.
அது போகட்டும் என்று பொறுத்து
நானும் கூவினேன், எழுத்தெழுத்தாக.

தாணுலிங்கம் தராசிலிருந்து தலை தூக்கினார்.
"கடைசி எழுத்து
பெருசா சிறுசா பிள்ளே?"